மாதர் சங்கங்களின் தொடக்க ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய முயற்சியைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆனால், தமிழகக் கிராமப் பெண்கள் ஓர் அமைப்பாகக் கூடியதே அப்போதுதான் என்று பொருள்படும் இடத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கு ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்களில் மாதர் சங்கங்கள் தோன்றிவிட்டன.

1917-இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம் பெரும்பாலும் நகரத்துப் படித்த பெண்களைச் சார்ந்தே வளர்ந்தது. 1944-இல் கஸ்தூரிபா மறைந்தபின் அவர் நினைவாக உருவான அறக்கட்டளை, கிராமத்துப் பெண்கள், குழந்தைகள் நலனையே தன் பணியாகக் கொண்டது. 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே நிறுவிய காந்திகிராமம், ஊர்ப்பணிக்குப் பெண்களைப் பயிற்றுவித்தது. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் கிராம முன்னேற்றத்திற்கான அரசின் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, வட்டாரத்திற்கு ஒரு முக்கிய சேவிகா (மேற்பார்வையாளர்), அவருக்குக் கீழ் ஊர் ஊராகச் செல்லும் பெண் களப்பணியாளர்களான இரண்டு கிராம சேவிகாக்கள் என்ற ஏற்பாடு வந்து, மாதர் சங்கம் அமைப்பது அவர்களுடைய அன்றாட வேலையாயிற்று. 1953-இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவரான துர்காபாய் தேஷ்முக், இதே சென்னையில் ஆந்திர மகிளா சபை என்ற பெண்கள் அமைப்பை வளர்த்தவர் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் கிராம சேவிகாவாக இருந்தவர் என் தாயார். ஒரு வட்டாரத்தில் ஏறக்குறைய 100 கிராமங்கள் இருக்க, சேவிகாக்கள் இருவர்தான். பேருந்து செல்லாத ஊர்களுக்கு நடந்தே போக வேண்டும். பகலில் பெண்கள் கழனியில் இருப்பார்கள் என்பதால், விளக்கு வைத்த பிறகு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்திலோ யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோதான் கூட்டம் நடக்கும். புகையில்லா அடுப்பு கட்டுவது, வீட்டுத் தோட்டம் போடுவது, தையல், சோப்புத் தயாரிப்பு ஆகியவை கற்றுத்தரப்பட்டன என்று அரசு அறிக்கைகள் சொல்லும். அம்மாவின் நாட்குறிப்புகளில் இருப்பதோ வேறு செய்திகள். அம்மை குத்த வருபவரைக் கண்டதும் குழந்தைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்த தாய்மார்களிடம் சங்கத்துப் பெண்களே வீடு வீடாகச் சென்று பேசியது, பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும் என்ற அச்சத்தைப் போக்கத் தலைவி எல்லோர் முன்னிலையிலும் தானே குடித்துக் காட்டியது, கைநாட்டு வைத்துவந்த பெண்கள் சங்கத் தீர்மானத்தில் முதன்முதலாகக் கையெழுத்திட்டது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். சிறுசேமிப்பும் அங்கே இருந்தது. மாதச் சந்தாவில் சேர்ந்த பணத்தைப் பிரசவச் செலவுக்குக் கைமாற்றாகக் கொடுத்து வாங்கிய கணக்கு, அந்த ஏடுகளில் தொடர்ந்து வருகிறது. பிற்காலத்துக் குழுக்களில் உறுப்பினர்களுக்கு மாறி மாறிக் கடனாகச் செல்லும் சுழல்நிதியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்குப் பக்கங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

அந்தச் சங்கங்களின் குறைகளை நான் மறைக்க விரும்பவில்லை. பல ஊர்களில் பஞ்சாயத்துத் தலைவரின் மனைவியே சங்கத் தலைவியானார். ஊர்த்தெருவில் கூட்டம் நடந்தால் சேரிப் பெண்கள் வரவில்லை, அல்லது வர விடப்படவில்லை; சேரியில் கூட்டம் வைத்தால் மற்றவர்கள் வரவில்லை. இதனால் ஒரே ஊரில் இரண்டு முறை அதே பாடத்தை நடத்த நேர்ந்ததை அம்மா மிகுந்த வேதனையோடு எழுதியிருக்கிறார். சேவிகா மாற்றலாகிப் போனதும் கூட்டமே நின்றுபோன சங்கங்களும் உண்டு. ஆயினும், குறையுள்ளதாக இருந்தது என்பதற்காக அந்த முயற்சி நடக்கவே இல்லை என்று எழுதுவது நியாயமாகாது. பிற்காலத்துக் குழுக்கள் எதைத் தொடர்ந்தன, எதைத் திருத்திக்கொண்டன என்பதை அறியவும் முந்தைய வரலாறு நமக்குத் தேவைப்படுகிறது.

அந்த வரலாற்றின் சான்றுகள் வேகமாக அழிந்துவருகின்றன என்பதே என் கவலை. அலுவலகங்களில் பழைய கோப்புகள் காலக்கெடு முடிந்ததும் கழிக்கப்படுகின்றன; வீடுகளில் இருப்பவை பழைய பேப்பர்க்காரரிடம் போகின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1897-இல் தோன்றிய கிராமப்புற மாதர் அமைப்பின் கிளைகள், அந்நாட்டுத் தலைமை ஆளுநரின் மனைவியாக இருந்த ட்வீட்ஸ்மியூர் சீமாட்டியின் ஊக்கத்தால் தத்தம் ஊர் வரலாற்றைத் தாமே ஏடுகளாகத் தொகுத்தன. அவற்றுள் பல இன்று இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. இங்கோ, சங்கத்தின் தீர்மானப் புத்தகம் என ஒன்று இருந்ததையே நாம் மறந்துவிட்டோம்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இத்தகைய ஏடுகளைத் திரட்ட முன்வர வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கிராம சேவிகாக்களாகவும் சங்கத் தலைவிகளாகவும் இருந்தவர்களில் இன்று எஞ்சியிருப்போர் எண்பது வயதைக் கடந்தவர்கள். ஆகையால் அவர்களுடைய நேர்காணல்களை இந்த ஆண்டே பதிவுசெய்யத் தொடங்குவது நல்லது. தங்கள் இதழ் இதற்கென ஒரு வேண்டுகோளை வெளியிட்டால், வீட்டுப் பரணில் இத்தகைய ஏடுகளை வைத்திருக்கும் வாசகர்கள் பலர் முன்வருவார்கள் என நம்புகிறேன். என் தாயாரின் நாட்குறிப்புகளையும் இரண்டு சங்கங்களின் கணக்கேடுகளையும் படியெடுக்கத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை.