நூலகருக்குப் பாடவேளை கொடுங்கள்: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் ஒரு கல்லூரியில் 19 ஆண்டுகளாக வரலாறு கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் தங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சென்ற பருவத்தில் சோழர் காலப் பாசனம் பற்றி இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கட்டுரை கேட்டிருந்தேன். வந்த கட்டுரைகளின் துணைநூற்பட்டியல்கள் அத்தனை ஒழுங்காக இருந்தன. ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் என்று எதிலும் குறையில்லை. நான் கேள்விப்படாத ஒன்பது நூல்களை மட்டும் ஒரு தாளில் குறித்து எங்கள் நூலகரிடம் கொடுத்தேன். மறுநாள் அவர் தாளைத் திருப்பித் தந்தபோது ஆறு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. அந்த ஆறு நூல்களும் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி தானாகக் கோத்துக் கொடுத்த பெயர்கள் அவை.

எனக்குக் கடும் கோபம். நூலகர் என்னை அமைதிப்படுத்தினார். "ஒரு நூல் உண்மையில் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது என யாராவது அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா சார்?" என்று கேட்டார். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. 19 ஆண்டுகளில் ஒரு முறை கூட இல்லை. அடுத்த வாரம் என் வகுப்புகளில் ஒன்றை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் எதையும் விரிவுரையாகச் சொல்லவில்லை. 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் நான்கைந்தைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். நூலின் பின்புறம் இருக்கும் பெயரடைவை, அதாவது நூலில் வரும் பெயர்களைப் பக்க எண்ணோடு அகரவரிசையில் தரும் பட்டியலைத் திறந்து, அவரவர் ஊரோ பக்கத்து ஊரோ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பெயரடைவு என்ற ஒன்று நூலில் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. கால் மணி நேரத்தில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். அவள் ஊர்க் கோயில் கல்வெட்டு கிடைத்திருந்தது. ஏரியைத் தூர்வாருவதற்காக ஒருவர் நிலம் விட்டுக்கொடுத்த செய்தி அதில் இருந்தது. அந்த ஏரிக்கரை வழியாகத்தான் அவள் தினமும் பஸ் ஏற வருகிறாள். அவள் அந்த வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்ததைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிறகு நூலகர் கணினியில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் காட்டினார். ஒரு நூலை எப்படித் தேடுவது, தேடியும் கிடைக்காவிட்டால் அடுத்து எங்கே பார்ப்பது, எந்தக் கட்டத்தில் சந்தேகப்பட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்யவைத்தார். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழவில்லை.

இந்த ஒரு மணி நேரத்தை உங்கள் கால அட்டவணைக்குள் கொண்டுவாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நூலகம் திறந்துதானே இருக்கிறது, விரும்பியவர்கள் போகட்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் மாணவர்களின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் வகுப்பு தொடங்கும் மணிக்குச் சற்று முன்தான் டவுன் பஸ் வந்து நிற்கிறது. மாலையில் வகுப்பு முடிந்த பத்தாவது நிமிடத்தில் அதே பஸ் கிளம்புகிறது. அதை விட்டால் அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம். வகுப்புகள் முடிந்த சற்று நேரத்தில் நூலகக் கதவும் பூட்டப்படுகிறது. வாரம் முழுவதும் பாடவேளைகளால் நிரப்பிவிட்டு, நூலகத்துக்கு வருவதில்லை என்று மாணவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. விடுதியில் தங்கியிருப்பவருக்கும் சொந்த வண்டி வைத்திருப்பவருக்கும் மட்டுமே இன்று நூலகம் வாய்க்கிறது.

இன்னொரு பக்கம், நூலகத்துக்குள் வந்து சேர்ந்திருக்கும் செல்வத்தைப் பாருங்கள். உயர்கல்வி நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டம் 2010இல் தொடங்கியது. சிறிய கல்லூரிகளுக்கும் அது 6,000க்கு மேற்பட்ட மின்னிதழ்களைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கும் ஏற்பாடு அது. என் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டேன். ஒருவர் கூட உள்நுழைந்து பார்த்ததில்லை. உள்ளே போனாலும் அங்கே இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை அந்த ஆய்வுச் சுருக்கத்தைப் பார்த்ததுமே மூடிவிடுவாள். பக்கத்தில் அமர்ந்து, இந்தப் பத்தியை மட்டும் படி, இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள், இதே செய்தி தமிழில் இந்த நூலில் இருக்கிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும். எங்கள் நூலகரால் அது முடிகிறது. அதற்கான நேரத்தைத்தான் நாம் தருவதில்லை.

ஆய்வு மாணவர்கள் விஷயத்தில் இது இன்னும் வருத்தம் தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒப்புமை இருந்தால் நடவடிக்கை உண்டு. மென்பொருளில் ஏற்றிச் சதவீதம் பார்க்கும் வேலை பல இடங்களில் நூலகருடையது. எழுதி முடித்த பிறகு அளந்து சொல்ல நூலகர் வேண்டும் என்றால், எழுதத் தொடங்கும் முன் மேற்கோள் காட்டும் முறையைக் கற்பிக்கவும் அவர்தானே வேண்டும்?

அவருக்குத் தகுதி இல்லையா? கல்லூரி நூலகருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் தொடக்க ஊதிய நிலை ஒன்றே. இருவருக்கும் முதுகலைப் பட்டமும் நெட் அல்லது செட் எனும் கல்லூரிப் பணிக்கான தகுதித் தேர்வும் கேட்கிறோம். இந்திய நூலக இயலுக்கு அடித்தளமிட்ட சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சென்றார். வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே நடந்து நூலை எடுத்துப் பார்க்கும் முறைக்காக வாதாடியவர் அவர். நூறாண்டு கழிந்தும், சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்பிக்கு வெளியே நிற்கும் மாணவர்களைச் சில கல்லூரிகளில் நான் பார்க்கிறேன்.

நான் கேட்பது பெரிதில்லை. முதல் பருவத்தில் எல்லாத் துறை மாணவர்களுக்கும் 15 மணி நேரம், ஒரு கிரெடிட். நடத்துபவர் நூலகர். கூடவே துறை ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். அவரும் கற்றுக்கொள்வார், நான் கற்றுக்கொண்டதைப் போல. எழுத்துத் தேர்வு மட்டும் வேண்டாம். தேர்வு என்று வந்தால் பிள்ளைகள் நூலகத்தைப் பற்றிய நோட்ஸை மனப்பாடம் செய்துவிட்டு நூலகத்துக்கு வராமலே தேறிவிடுவார்கள். ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றியோ தம் வீட்டுத் தொழிலைப் பற்றியோ ஒரு கேள்வி எழுப்பி, ஐந்து உண்மையான ஆதாரங்களைத் தேடிக் கொண்டுவரட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

நூலகர் பணியிடமே நிரப்பப்படாமல், ஓர் ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகச் சாவியை வைத்திருக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன என்பதை அறிவேன். அங்குள்ள முதல்வர்கள் இந்தப் பாடவேளையையே காரணமாகக் காட்டி அரசிடம் பணியிடம் கேட்க முடியும். அட்டவணையில் வகுப்பு இருந்தால் ஆள் கேட்கும் கடிதத்துக்கு வலு கூடும்.

அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது, உங்கள் கல்லூரி நூலகருக்கும் அழைப்பு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்