மார்ச் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்

குமரி மாவட்டத்தில் வாசகர் வட்டங்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கேயாவது கவிதைக் கூட்டம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பெண் கவிஞர் என்றால் மகளிர் தினக் கூட்டம், ஒரு பொன்னாடை, 'கவிதாயினி' என்ற விளிப்பு, அத்தோடு சரி. வேறொரு மாதத்தில், ஒரு முழுக் கூட்டத்தை, ஸ்வீடிஷில் எழுதிய பின்லாந்துக் கவிஞர் எடித் சோடர்கிரானுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1892இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். வளர்ந்தது அன்றைய பின்லாந்தின் எல்லையோரக் கிராமமான ரைவோலாவில். வீட்டில் ஸ்வீடிஷ், பள்ளியில் ஜெர்மன், சுற்றிலும் ரஷ்யனும் பின்னிஷும். முதலில் பெரும்பாலும் ஜெர்மனில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஸ்வீடிஷுக்கு வந்தார். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைப் பக்கத்து ஆட்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. 1956இல் நாம் மாநிலம் மாறினோம். அவருடைய ஊர் நாடே மாறி, இன்று ரோஷ்சினோ என்ற பெயரில் ரஷ்யாவில் இருக்கிறது.

1916இல் முதல் தொகுப்பு. பெரும்பாலும் எதுகையும் இல்லை, கட்டிய சந்தமும் இல்லை. அதில் ஒரு கவிதை, 'நான் பெண்ணே இல்லை' என்றுதான் தொடங்குகிறது. 1918இல் வந்த 'செப்டம்பர் யாழ்' தொகுப்பின் முன்னுரையில், தன் உயரம் தனக்குத் தெரியும், அதைக் குறைத்துக் காட்டுவது தனக்குப் பொருந்தாது என்கிற பொருளில் எழுதினார். பத்திரிகைகள் கேலி செய்தன. (ஆண் கவிஞர் மேடையில் தன்னைத் தானே புகழ்ந்தால் நாம் கைதட்டுவோம், இல்லையா?) அந்தச் சமயத்தில் மதிப்புரை எழுதிய விமர்சகர் ஹாகர் ஓல்சன் பிறகு நெருங்கிய தோழியானார்.

இன்னொரு வேண்டுகோள். அவருக்குப் பதினாறு வயதில் காசநோய். ரஷ்யப் புரட்சியில் குடும்பத்தின் சேமிப்பும் போயிற்று. 1923இல், 31 வயதில் இறந்தார். உண்மைதான். ஆனால் 'பாவம், நோயாளிப் பெண்' என்று பேச ஆரம்பித்தால் கூட்டம் அதிலேயே முடிந்துவிடும். முதலில் கவிதைகளை வாசியுங்கள். ஆங்கிலம் வழி வந்தாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கு வழக்கம்போல வரவேற்புரையும் நன்றியுரையும் தராமல், கட்டுரை வாசிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். பொன்னாடைக்கு ஆகும் காசில் கவிதைகளை ஜெராக்ஸ் எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு வாசகி