பல் வரும்வரை சோறு காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நன்னிலம் வட்டத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்றுவிட்டாலும், குழந்தைகளுக்கு எடை போடுகிற நாளில் கால் தானாக மையத்துக்குப் போய்விடுகிறது. போன மாதம் அங்கே பார்த்த ஒரு குழந்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

பெண் குழந்தை, 11 மாதம். தராசில் ஆறரைக் கிலோ. வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தால் மஞ்சளில், அதாவது எடை குறைவு என்ற பகுதியில், விழுகிறது. "என்னம்மா கொடுக்கிறே?" என்று தாயைக் கேட்டேன். "இன்னும் ஒரு பல்லுகூட வரல டீச்சர். பல்லு வந்தப்புறம் சோறு கொடுக்கலாம்னு அத்தை சொன்னாங்க" என்றாள். தாய்ப்பால் கொடுக்கிறாள். அவள் நடவுக்குப் போகிற நாளில் மாமியார் டீயில் நனைத்த பிஸ்கட் கொடுக்கிறார். வேறு ஒன்றும் இல்லை.

அந்த மாமியாரும் கூட வந்திருந்தார். பேத்திமேல் உயிரையே வைத்திருப்பவர். பல் வரவில்லையே என்ற கவலையில், ஒரு நெல்மணியின் முனையால் ஈறைக் கீறிவிட்டிருக்கிறார். அவர் அம்மா அப்படிச் செய்வாராம். குழந்தையின் கீழுதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு, அதன் ஓரத்தில் வெள்ளையாகச் சின்னப் புண். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்தை ஒட்டிக் கீழ் ஈறின் நடுவில் முதல் பல் எட்டிப் பார்க்கும். நாலு மாதத்திலேயே வருவதும் உண்டு, ஒரு வயது தாண்டி வருவதும் உண்டு. பல்லின் கரு தாய் வயிற்றில் இரண்டாம் மாதத்திலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஈறைக் கீறினால் புண்தான் வரும், பல் வராது. என் மகள் பிள்ளைக்கு 14ஆம் மாதம்தான் முதல் பல் வந்தது. நான் கவலைப்பட்டபோது சம்பந்தியம்மா, "இவன் அப்பனுக்கும் ஒண்ணேகால் வயசுலதான் முளைச்சுது" என்றார். இது பல வீடுகளில் குடும்பவாகு. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவ தேதியிலிருந்து மாதத்தை எண்ண வேண்டும்.

ஆனால் சோறு அப்படிக் காத்திருக்க முடியாது. ஆறு மாதம் முடிந்தால் தாய்ப்பால் மட்டும் போதாது. தாய் வயிற்றிலிருந்து குழந்தை கொண்டு வந்த இரும்புச்சத்து அந்தச் சமயத்தில் கரைந்துவிடுகிறது. முதலில் முளைப்பது முன்பல். அது கடிக்கிற பல். அரைக்கிற கடைவாய்ப் பல் 13 மாதத்துக்கு மேல் 19 மாதத்துக்குள்தான் வரும். ஆக, ஆறு மாதத்தில் பல் முளைத்த பிள்ளையும் சோற்றை ஈறால்தான் மென்று விழுங்குகிறது. இதைச் சொன்னதும் அந்த மாமியார் என்னை நம்பாமல் பார்த்தார். அவர்கள் வீட்டுத் திண்ணையில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். வாயில் ஒரு பல் இல்லை. "அவங்க மோர்ச்சோறு சாப்பிடலையா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது.

அன்றைக்கு மையத்திலேயே ஒரு பிடி சோற்றைப் பாசிப்பருப்போடு குழைய வேகவைத்து, நெய் ஒரு சொட்டு விட்டு, விரலால் மசித்து ஊட்டினோம். முதல் வாயை நாக்கால் வெளியே தள்ளியது. மூன்றாவது வாயில் ஈறு இரண்டும் சேர்ந்து மெள்ள அசைந்தன. கொஞ்ச நேரத்தில் என் விரலைப் பிடித்து இழுத்துக் கவ்வியது. எத்தனை அழுத்தமான கவ்வு! பல்லில்லாத ஈறு எவ்வளவு கெட்டி என்பது ஊட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மிக்சியில் போட்டுக் கூழாக அடிக்க வேண்டியதில்லை. ஒன்பது மாதத்தில் சின்னச் சின்னக் கட்டியோடு கொடுத்துப் பழக்க வேண்டும். முருங்கைக்கீரை, மசித்த முட்டை, அங்கன்வாடியில் தருகிற சத்துமாவு, நம் ஆற்று விரால் மீனை முள் பார்த்து உதிர்த்தது, எல்லாமே கொடுக்கலாம். டீ மட்டும் வேண்டாம். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர விடாமல் அது தடுக்கும். பல் வரட்டும் என்று ஈறில் தேன் தடவுகிறவர்களும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் 'பல்லு முளைக்குது' என்று விட்டுவிடுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பல் முளைப்பதால் கடும் காய்ச்சல் வராது. மருத்துவரிடம் போக வேண்டும்.

13 மாதம் ஆகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள். 18 மாதம் ஆகிவிட்டால் கட்டாயம் காட்ட வேண்டும். பல் தாமதத்தோடு உச்சிக்குழி வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பது, கால் வளைவது, நடை தாமதமாவது, ஓயாத மலச்சிக்கல், சித்திரை வெயிலிலும் வியர்க்காத உடம்பு, இப்படி ஏதாவது சேர்ந்தால் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. வைட்டமின் டி குறைவோ தைராய்டு குறைவோ இருந்தால் சிகிச்சை உண்டு. தைராய்டு விஷயத்தில் ஒவ்வொரு வாரமும் முக்கியம், மூளை வளர்ச்சி அதைப் பொறுத்தது. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வருகிற மருத்துவக் குழுவிடம் இதையெல்லாம் வாய் திறந்து சொல்லுங்கள். நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்.

இனி என் கோரிக்கை. மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் விடியலில் வயலுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைக்கு ஊட்டுவது பாட்டிதான். நாங்களோ இத்தனை வருஷமும் அட்டையைத் தாயிடம்தான் விளக்கினோம். நானும் அந்தத் தப்பைச் செய்தவள்தான். புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும்போது பாட்டியையும் கூட்டி வரச் சொல்லி, உணவு பற்றி அவர்களிடமும் பேச சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். ஒன்பதாம் மாதத் தடுப்பூசி அதற்குச் சரியான நேரம். தாங்களும் ஒரு குழந்தை மருத்துவரை இதைப் பற்றி எழுதச் சொல்லி, பெரிய எழுத்தில் வெளியிட்டால் பாட்டிகளே படித்துக்கொள்வார்கள்.

இந்த மாதம் அந்தக் குழந்தை 6 கிலோ 850 கிராம். பல் இன்னும் வரவில்லை. வந்ததும் பல் கொழுக்கட்டைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அந்த மாமியார் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
நன்னிலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.