விடியக்காலை வெளிக்கிடு, மகள்

அன்பின் மகளுக்கு,

ஆகஸ்ட்டில் வரும்போது பிள்ளைகளை மட்டக்களப்பு வாவித் தீவுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்று எழுதியிருந்தாய். போகலாம். ஆனால் ஆறுதலாக எழும்பிச் சாப்பிட்டுப்போட்டுப் போகிற பயணமில்லை இது. அது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றின் காலம். விடியலில் வாவி அசையாமல் கிடக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். மேற்கிலிருந்து குறுக்கே அடித்து அலை எழுப்பினால், திரும்பும்போது படகின் முன்பக்கம் இருப்பவர் தெப்பமாக நனைவார். ஆறு மணிக்குப் பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் நின்றால் பதினொன்றுக்குள் கரைக்கு வந்துவிடலாம்.

கச்சான் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வருகிற காற்று. வேர்வை உடனே காய்ந்துவிடும், தாகம் பிந்தித்தான் தெரியும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் எடு. பிட்டு வேண்டாம்; தேங்காய்ப்பூ போட்டது அந்தச் சூட்டில் புளித்துவிடும். பாணும் வாழைப்பழமும் போதும்.

படகில் ஏறமுதல் சின்னவனின் பாதுகாப்பு அங்கியைப் பார். கொளுவிகளைப் பூட்டியபின் இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கு. அங்கி காதுவரை ஏறினால் அது பெரியாளின் அளவு; தண்ணீரில் ஆள் கீழே நழுவ, அங்கி மட்டும் மிதக்கும். படகுக்காரர் "பக்கம்தானே" என்பார். நீ வேறொன்று கேட்டு வாங்கு.

தீவில் பாட்டாச் செருப்போடு இறங்காதே. சேறு அதை இழுத்து வாரைப் பிடுங்கிவிடும். சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல நிற்கும் மூச்சுவேர்கள் காலைக் கிழிக்கும். பழைய சப்பாத்து நல்லது. கண்டல் மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டு: முருங்கைக்காய்போலத் தொங்குவது காயல்ல, மரத்திலேயே முளைத்துவிட்ட கன்று.

ஆனால் எந்தக் கொப்பையும் முறிக்க விடாதே. இடையில் தில்லை நிற்கும். விழப்போகிற இலை சிவந்திருக்கும், முறித்தால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே மறைக்கும். பட்டால் கசக்காமல் கால் மணித்தியாலம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. வாவிக்கரை ஊரான மண்டூரைத் தில்லைமண்டூர் என்பதும் இந்த மரத்தை வைத்துத்தான்.

வந்திறங்கியதும் பிள்ளைகள் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் குளிக்கக் கேட்பார்கள். விடாதே. வாய் திறந்திருந்தால் நீரோட்டம் கடலுக்கு இழுக்கும். மணல் மூடியிருந்தாலும் விளிம்பு சட்டென்று ஆழமாகும். வெளிச்சவீட்டைச் சுற்றிப் பார்க்கட்டும், 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம்.

வாவியில் மீன் பாடும் என்பார்களே, அதை மூத்தவள் கேட்க ஆசைப்பட்டால் பகலில் சரிவராது. பூரணையை ஒட்டிய இரவில், கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, இயந்திரமில்லாத தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் பிடியில் காதை வைக்க வேண்டும். டிக்கெட் போடமுதல் பூரணை எந்த நாளென்று கலண்டரில் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா