ஜூலையில் தைத்ததற்கு இன்னும் கூலி வரவில்லைங்க

திருப்பூர் ஏற்றுமதி முதலாளிகளுக்கு, வணக்கம்ங்க.

நான் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பவர் டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட், வைத்திருப்பவன். மொத்தம் 16 மெஷின், ஓவர்லாக் 8, பிளாட்லாக் 5, சிங்கர் 3. உங்கள் கம்பெனியில் கட்டிங் முடிந்து கட்டுக் கட்டாக வருவதைத் தைத்து, பிசிர் வெட்டி, எண்ணித் திருப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. நீங்கள் வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையருக்குக் காட்டும் வீடியோவில் நாங்கள் இருக்க மாட்டோம். பையர் ஆடிட்டுக்கு வரும் நாளில் "இன்னைக்கு வண்டி அனுப்பாதீங்க அண்ணா" என்று உங்கள் மேனேஜர் காலையிலேயே போன் செய்துவிடுவார். அது இருக்கட்டும், அதற்காக இந்தக் கடிதம் இல்லை.

அமெரிக்கா நம் சரக்குக்கு இறக்குமதி வரி போட்டதில் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி 25 சதவீதம், 27ஆம் தேதி இன்னொரு 25. காட்டன் டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5ஐயும் சேர்த்து 66.5 சதவீதம் ஆயிற்று. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அதே அடிப்படை வரிக்கு மேல் 20தான் என்றபோது எந்தப் பையர் நம்மிடம் நிற்பான். 2024-25 நிதியாண்டில் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டிய ஊர், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவை நம்பி. போட்ட ஆர்டரை நிறுத்தி வைத்தவனும் உண்டு, வரியில் பாதியை உங்கள் தலையில் கட்டியவனும் உண்டு, ஆட்களை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே கையைக் கடித்தாலும் ஆர்டர் எடுத்து ஓட்டிய முதலாளிகளும் உங்களில் இருக்கிறீர்கள். இதையெல்லாம் மறுக்கவில்லை.

நான் கேட்பது ஜூலை மாதத்துக் கணக்கு.

ஜூலை கடைசியில், ஆடிக் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தபோது, ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு மேனேஜர் கூப்பிட்டார். "அண்ணா, வரி வர்றதுக்குள்ள கப்பல் ஏத்தணும், எப்படியாச்சும் முடிச்சுக் குடுங்க, எத்தனை ஷிப்ட் ஓடினாலும் பரவால்ல." குழந்தைகள் போடுகிற ரவுண்டு நெக் டி-ஷர்ட், 11,400 பீஸ், ஐந்து நாள். சரி என்றேன். பகல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பெண்களை வண்டி அனுப்பித் திரும்பக் கூட்டி வந்தோம். பிசிர் வெட்டும் அக்கா ஒருத்தர் வீட்டில் விட ஆள் இல்லாமல் பேத்தியைத் தூக்கி வந்தார், அது வேஸ்ட் துணிக் குவியல் மேலேயே தூங்கியது. ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டாப் பார்சல், மூன்று மணிக்கு டீ. பிளாட்லாக் ஒன்று இரண்டாம் நாள் நூல் அறுக்க ஆரம்பித்தது, மெக்கானிக்கை எழுப்பிக் கூட்டி வந்து, அவர் லுங்கியோடு உட்கார்ந்து லூப்பரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் மதியம் கடைசி லோடு ஏற்றி அனுப்பினேன். வரிக்கு முன்பே கப்பல் ஏறிவிட்டது என்று அதே மேனேஜர் வாட்ஸப்பில் கைகூப்பும் படம் அனுப்பினார்.

அந்தச் சரக்குக்கு ஆகஸ்டு வரி கிடையாது, அந்த வரியில் மாட்டக் கூடாது என்றுதானே தைத்தோம்! பீஸுக்கு 14 ரூபாய் வீதம் 1,59,600 ரூபாய் பில். இன்று 2025 டிசம்பர். போன் செய்தால் "வரிப் பிரச்சினை தெரியுமல்லண்ணா" என்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த பில்லுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, 7,980 ரூபாய், அடுத்த மாதமே நான் கட்டிவிட்டேன். கூலி வந்தாலும் வராவிட்டாலும் வரி கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் வட்டி ஏறும். நான் கட்டிய அந்தப் பணத்தை நீங்கள் உள்ளீட்டு வரி என்று உங்கள் ஜிஎஸ்டியில் கழித்தும் முடித்திருப்பீர்கள். அப்புறம் அக்டோபரில், தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு டெபிட் நோட், அதாவது பில்லில் பிடித்தம் செய்யும் சீட்டு, வந்தது. ஷார்ட்டேஜ், ஆயில் கறை என்று 212 பீஸ். தையல் கூலியைப் பிடித்தாலும் பரவாயில்லை, முழு பனியன் விலையைப் பிடித்திருந்தார்கள். எங்கள் டெலிவரி சலானில் உங்கள் ஸ்டோர் ஆள் எண்ணிப் பார்த்துப் போட்ட கையெழுத்து இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து, சரக்கு கடல் தாண்டின பிறகு, கறை எங்கிருந்து வந்தது?

இப்படிச் செய்பவர்கள் எல்லோரும் இல்லை. வாராவாரம் வெள்ளிக்கிழமை போன் செய்யாமலே பணம் போட்டுவிடும் ஒரு முதலாளிக்கும் நான் தைக்கிறேன், அவருடைய ஆர்டரும்தான் பாதியாகிவிட்டது. அதனால்தான் முடியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அமெரிக்காவில் கடைக்காரன் உங்களுக்குப் பணம் தர 60 நாள், 90 நாள் எடுக்கிறான். நீங்கள் எனக்கு ஐந்து மாதம் எடுக்கிறீர்கள். எனக்கு எடுக்க இடமில்லை, ஏனென்றால் என் ஆட்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் போடாதவன் திங்கட்கிழமை மெஷினுக்கு முன் தனியாக உட்கார்ந்திருப்பான். ஆகஸ்டில் கையில் இருந்ததைப் போட்டேன், செப்டம்பரில் வீட்டுக்காரம்மாவின் ஆரம் கூட்டுறவு வங்கிக்குப் போனது, தீபாவளி போனஸுக்கு வளையலும் போனது. அதற்கப்புறம் பாதிச் சம்பளம், மீதி அடுத்த வாரம் என்று சொல்லத் தொடங்கினேன். அந்த மீதியை அவர்கள் எங்கே கேட்பார்கள்? மளிகைக் கடையில் நோட்டுப் போட்டு வாங்கினார்கள். குழுக் கடன் தவணை வாராவாரம் காலை ஏழு மணிக்கே வாசலில் வந்து நிற்கும், அதற்கு இன்னொரு குழுவில் வாங்கிக் கட்டினார்கள். மளிகைக்காரர் மொத்தக் கடையில் கடன் சொல்கிறார். ஆக, நியூயார்க்கில் இருக்கிற ஒரு கடைக்கும் உங்களுக்கும் சேர்த்து வட்டியில்லாமல் கடன் கொடுத்து வைத்திருப்பது எங்கள் ஊர் மளிகைக் கடையும் பேத்தியைத் தூக்கி வந்த அந்த அக்காவும்தான், அவருக்கு இன்னும் 2,300 ரூபாய் நான் தர வேண்டும்.

பனியன் கம்பெனிக்கு ஆர்டர் இல்லை என்றால் தையல்காரருக்கு மட்டும்தான் நஷ்டம் என்று கோயம்புத்தூர் தாண்டி இருப்பவர்கள் நினைக்கலாம், உங்களுக்குத் தெரியும். எங்கள் டீக்கடைக்காரர் தினம் 20 லிட்டர் பால் வாங்கியவர் இப்போது 8 லிட்டர் வாங்குகிறார், அவருக்குப் பால் ஊற்றியவர் மீதியைச் சொசைட்டிக்குக் குறைந்த விலைக்கு ஊற்றுகிறார். டாடா ஏஸ் வைத்து உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் கட்டுகளை ஏற்றி இறக்கிய தம்பி இரண்டு தவணை விட்டுவிட்டு வண்டியைச் சொந்தக்காரர் தோட்டத்தில் மறைத்து வைத்திருக்கிறான். வெல்டிங் பட்டறைக்காரர் புதிதாக ஒரு யூனிட்டுக்கு ஷெட் போட்டுக்கொண்டிருந்தார், தூண் நட்டதோடு நிற்கிறது, மேலே போட வேண்டிய தகரம் அவர் பட்டறையில் கிடக்கிறது, தகரம் வாங்கப் போட்ட பணம் அவருடையது. லுங்கியோடு வந்த மெக்கானிக்கைப் போன மாதம் ரோட்டில் பார்த்தேன். "ஓடினாத்தானுங்க மெஷின் ரிப்பேர் ஆகும்" என்றார், சிரித்துக்கொண்டே. லைன் வீட்டில் இருந்த ஒடிசாப் பையன்கள் மூன்று பேர் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள், இன்னும் வரவில்லை. பாக்கி வாங்காமலே போனார்கள், அதை எப்படி அனுப்புவது என்றும் ஒரு கவலை.

கஷ்டம் எங்களுக்குப் புதிது கிடையாது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோதும், 2016இல் நோட்டுச் செல்லாமல் போனபோதும், கொரோனாவில் மாஸ்க் தைத்தும், 2022இல் பஞ்சு விலை கண்டிக்கு (ஏறத்தாழ 356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி நூல் விலை எகிறியபோதும் இதே மெஷின்கள்தான் ஓடின. ஒவ்வொரு தடவையும் கடைசியாகக் காசு பார்த்தவர்கள் நாங்கள், அவ்வளவுதான்.

இந்தத் தடவை உதவி வந்தது. நவம்பரில் ரிசர்வ் வங்கி, செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை கட்ட வேண்டிய தவணைகளுக்கு ஏற்றுமதியாளர்களுக்கு அவகாசம் கொடுக்கலாம் என்றது, ஏற்றுமதிக் கடனின் காலத்தை 450 நாள் வரை நீட்டலாம் என்றது. மத்திய அரசு 20,000 கோடி ரூபாய்க்குக் கடன் உத்தரவாதத் திட்டமும் கொண்டு வந்தது. பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்டிலேயே நிறுத்தி வைத்தார்கள். நல்லதுதான், நீங்கள் நின்றால்தான் நாங்கள் நிற்போம். ஆனால் என் வங்கிக் கிளையில் போய்க் கேட்டபோது, "நீங்க எக்ஸ்போர்ட்டர் இல்லையே சார், ஜாப் ஒர்க்தானே" என்றார்கள். என் மெஷின் கடன் தவணை 5ஆம் தேதி வழக்கம்போலப் பிடிக்கப்பட்டது.

எங்களுக்கென்று சட்டம் இல்லாமலும் இல்லை. 2006ஆம் வருஷச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும், காலத்தில் தராத பாக்கியை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று வைத்தார்கள். அதைக் கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிந்த உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வந்தால் வேலை தருகிறேன் என்று என்னிடமே ஒருவர் சொன்னார். இந்தச் சட்டப்படி பாக்கிப் புகாரை விசாரிக்கும் கவுன்சில் கோவையில் இருக்கிறது, மனுப் போடலாம். போட்டால் பணம் வரலாம், அடுத்த லோடு வராது. சங்கத்தில் யாரும் மனுப் போடாததற்குக் காரணம் தைரியம் இல்லாதது இல்லைங்க, ஒருத்தன் போட்டால் அவன் பேர் ஒரே நாளில் எல்லா மேனேஜர் போனிலும் இருக்கும்.

கூலி குறைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது ஆர்டருக்குப் பீஸுக்கு ஒன்றரை ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். பையர் உங்களைக் கேட்டான், நீங்கள் எங்களைக் கேட்கிறீர்கள், புரிகிறது. பேசலாம், உட்கார்ந்து பேசினால் ஐம்பது பைசாவோ முக்கால் ரூபாயோ நாங்களும் இறங்குவோம், சும்மா கிடக்கிற மெஷினுக்கு அதுவாவது ஓடட்டும். ஆனால் தைத்து முடித்த பழைய வேலைக்கும் சேர்த்துப் புது ரேட் போட்டு பில் பாஸ் செய்கிற பழக்கம் ஒன்று இந்த இரண்டு மாதத்தில் முளைத்திருக்கிறது. அது பேரம் கிடையாது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். உங்கள் சங்கக் கூட்டத்தில் அரசுக்கு அடுத்த மனு எழுதும்போது, ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் மெஷின் கடனுக்கும் அதே அவகாசம் என்று ஒரு வரி சேருங்கள். ஆகஸ்டுக்கு முன் டெலிவரி கொடுத்த வேலையின் பாக்கியைத் தனியாகப் பிரித்து முதலில் தீருங்கள், மொத்தமாக முடியாவிட்டால் மூன்று தவணையாக, தேதி போட்டு. அந்தத் தேதியைக் காட்டி நான் மளிகைக்காரரிடம் பேசிக்கொள்வேன். டெபிட் நோட் போடுவதாக இருந்தால் சரக்கு உங்கள் கோடவுனில் இருக்கும்போதே கூப்பிட்டுக் காட்டுங்கள், எங்கள் தப்பு என்றால் உட்கார்ந்து பிரித்துத் தைத்துக் கொடுக்கிறோம்.

பொங்கல் 2026 ஜனவரி 15. அதற்கு முந்தின சனிக்கிழமை 10ஆம் தேதி வருகிறது. பணம் போடுவதாக இருந்தால் தயவு செய்து வியாழக்கிழமையே போட்டுவிடுங்கள், இரண்டாம் சனிக்கிழமை பாங்க் லீவு.

இப்படிக்கு,
அவிநாசிப் பக்கத்துப் பவர் டேபிள்காரன்