பாப்பாவுக்கு ஒரு வயதாகிறது: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற வாரம் எங்கள் பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள். அதற்கு முன்னால் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிறந்தநாள் முடிந்ததும் என் மகப்பேறு விடுப்பும் முடிகிறது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டால் பரீட்சைத் தாள், பாடக்குறிப்பு என்று நாள் ஓடிவிடும்.

பாப்பா 32 வாரத்தில் பிறந்தவள். எடை 1,450 கிராம். இன்று கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். "நல்லா வளத்திருக்கம்மா" என்று பார்க்கிறவர்கள் சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் வளர்த்தது நான் மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மதுரை பெரியாஸ்பத்திரியின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் சிஸ்டர்களுக்கு. பெட்டிக்குள் கிடந்த பிள்ளையைத் தொடவே எனக்குப் பயம். கை விரல் தீக்குச்சி கனம் கூட இல்லை. டாக்டர் கங்காரு முறையைத் தொடங்கலாம் என்று சொன்ன அன்று ஒரு சிஸ்டர் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். பாப்பாவுக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும். நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சு தடைபடாதபடி தாடையை லேசாக உயர்த்தி, காலிரண்டையும் மடக்கித் துணியால் கட்டினார். "பயப்படாதீங்க டீச்சர். உங்க நெஞ்சுச் சூடுதான் இப்ப அவளுக்கு மருந்து" என்றார். சற்று நேரத்தில் பாப்பாவின் மூச்சு சீரானது. எனக்கும்தான்.

இந்த முறை 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் தொடங்கியது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே ஒரு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் அதிகம், இன்குபேட்டர்கள் போதவில்லை. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், தாயின் உடம்பையே பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தார். எங்கோ ஒரு தேசத்து ஏழைத் தாய்மார்களுக்காக யோசித்தது மேலூர்க்காரியான எனக்கும் வந்து சேர்ந்தது. அந்த டாக்டருக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

அப்பாவும் கட்டிக்கொள்ளலாம் என்று சிஸ்டர்கள் சொன்னபோது என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு உடனே வந்து உட்கார்ந்தார். சத்தமாகப் பேசிப் பழகிய மனிதர், பாப்பா நெஞ்சில் இருக்கும் வரை இருமக்கூட இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரி ஒரு முறை அவர் என்று வைத்துக்கொண்டோம். அவர் கட்டிக்கொள்ளும் நேரத்தில்தான் நான் தூங்கினேன்.

பாலாடையில் பால் கொடுக்கக் கற்றுக்கொடுத்த சிஸ்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சின்னக் கிண்ணத்தின் மூக்கைக் கடைவாயோரம் வைத்து, சொட்டுச் சொட்டாகச் சாய்த்து, தொண்டை அசைந்து விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த சொட்டு. அவசரம் கூடாது. ராத்திரிப் பணியில் இருபது பிள்ளைகளைப் பார்க்கிறவர், என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு விழுங்கலுக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.

முதல் நாட்களில் எனக்குப் பால் சுரக்கவில்லை. தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கிக் கொடுத்தார்கள். தானமாக வரும் பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து, கிருமி இருக்கிறதா என்று சோதித்துப் பிறகுதான் பிள்ளைகளுக்குத் தருகிறார்கள். அந்தப் பாலைக் கொடுத்த தாய் யார் என்று வங்கி சொல்லாது, நானும் கேட்கவில்லை. அம்மா, உங்கள் பிள்ளை குடித்தது போக மிச்சம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். என் பிள்ளைக்கு அதுதான் முதல் உணவு. பிறகு எனக்குப் பால் ஊறியதும் நானும் வங்கிக்குக் கொடுத்தேன். பால் கூடுதலாக இருக்கும் தாய்மார்கள் உங்கள் ஊர் பெரியாஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டருக்கும் நன்றி. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கருப்பையின் கடைசி வாரங்களில்தான் முழுதாக வளர்ந்து முடியுமாம். முன்கூட்டியே பிறந்த பிள்ளைக்கு அந்த வளர்ச்சி கோணலாகிப் பார்வையே போகலாம். அதனால் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைச் சோதித்தே ஆக வேண்டும். பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன கையோடு, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதியையும் எழுதி என் கையில் கொடுத்தார். பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தால் இந்தச் சோதனையை யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு ஒரு கஷ்டம் தொடங்கியது. "இன்னும் தலை நிக்கலையா?" "அஞ்சு மாசமாச்சு, குப்புற விழலையா?" "எங்க வீட்டுப் பிள்ளை இந்நேரம் உக்காந்துருச்சே." அக்கறையில் கேட்டவர்கள்தான், ஆனால் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ராத்திரி தூக்கம் போய்விடும். நான் தமிழாசிரியை. பிள்ளைத்தமிழில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், கை தட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம், முத்தத்துக்குப் பதினோராம் மாதம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பவள். அந்தக் கணக்கும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தப் பாரத்தை இறக்கி வைத்தவர், வளர்ச்சி தாமதமாகக் கூடிய பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் பிசியோதெரபிஸ்ட். "டீச்சர், இவளுக்கு ரெண்டு பிறந்தநாள். ஒன்னு பிறந்த நாள், இன்னொன்னு பிறந்திருக்க வேண்டிய நாள். தலை நிக்கிறது, உக்கார்றது, பேசுறது எல்லாத்தையும் ரெண்டாவது தேதியிலிருந்து எண்ணுங்க. ரெண்டு வயசு வரைக்கும் அப்படித்தான் பார்க்கணும்" என்றார். எட்டு வாரம் முன்னால் வந்த பிள்ளைக்கு எட்டு வாரத்தைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் உண்மையான பிறந்த தேதி. அதில் ஒரு வாரமும் கழிக்கக் கூடாது.

அதோடு விட்டுவிடவில்லை அவர். பாயில் கவிழ்த்துப் போட்டுக் கண்ணுக்கு நேரே கிலுகிலுப்பையைக் காட்டச் சொன்னார். மடியில் எப்படி உட்கார வைப்பது, இடுப்பில் எந்த இடத்தில் கை கொடுப்பது, அழுதால் எப்போது நிறுத்துவது என்று பொம்மையை வைத்துச் செய்து காட்டினார். நடைவண்டியும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம் என்றார்.

போன மாதம் ஒரு சாயங்காலம், அங்கன்வாடிச் சத்துமாவைக் கிண்டி ஆற வைத்திருந்தேன். என் அத்தை வாசலில் உட்கார்ந்து "சப்பாணி கொட்டு, சப்பாணி கொட்டு" என்று பாடிக்கொண்டிருந்தார். பாப்பா இரண்டு கையையும் விரித்து, குறி தவறி, மறுபடி விரித்து, பட்டென்று ஒரு தட்டு. தன் கையிலிருந்தே சத்தம் வந்ததை நம்பாமல் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் விடாமல் தட்டினாள். பிறந்த தேதிப்படி பதினோராம் மாதம். எட்டு வாரத்தைக் கழித்துப் பார்த்தேன், சரியாக ஒன்பது. நான் அழுததைப் பார்த்து அத்தையும் அழுதார்.

அந்த அத்தைக்குத்தான் வீட்டில் முதல் நன்றி. ஆறு பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்த கை அது. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடக்கூடாது, சேனை என்று நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "டாக்டர் சொன்னா சரிதான்" என்று ஒரே வார்த்தை. அதன் பிறகு தேன் பாட்டிலோடு வந்த உறவுக்காரர்களுக்குப் பதில் சொன்னது அவர்தான், என்னைப் பேச விடவில்லை. என் அம்மா கேழ்வரகை ஊற வைத்து, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து பாலெடுத்துக் காய்ச்சிக் கொடுத்தார். இன்று பாப்பா தட்டிலிருந்து ஒற்றைச் சோற்றுப் பருக்கையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்து அம்மாச்சி வாயில்தான் முதலில் ஊட்டுகிறாள்.

எங்கள் கிராமச் சுகாதாரச் செவிலியர், மழை நாளிலும் வண்டியை நிறுத்தி எடை பார்த்துவிட்டுப் போனவர். ஒன்பது மாதத் தடுப்பூசிக்கு முந்தின நாள் போன் செய்து நினைவூட்டியவரும் அவர்தான். ராத்திரி கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ அண்ணன், துவைத்து மெத்தென்றான பழைய வேட்டிகளைத் தொட்டிலுக்கும் துணிக்கும் கொண்டுவந்த தெருக்காரர்கள், என் வகுப்புகளைப் பகிர்ந்துகொண்ட சக ஆசிரியர்கள் எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன். அரசுப் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021-இல் 12 மாதமாக ஆனது. அது பழையபடி ஒன்பது மாதமாகவே இருந்திருந்தால் அந்த முதல் சப்பாணியை நான் பார்த்திருக்க மாட்டேன். அதற்காகப் பல காலம் கோரிக்கை வைத்த அக்காமார்களுக்கும் நன்றி.

பாப்பா இன்னும் நடக்கவில்லை. தவழ்கிறாள், எழுந்து நிற்கிறாள், "த்தா" என்றும் "ம்மா" என்றும் சொல்கிறாள். துணிக்கு அடியில் கரண்டியை ஒளித்தால் துணியை இழுத்துக் கண்டுபிடிக்கிறாள். புது ஆள் வந்தால் என் தோளில் முகம் புதைக்கிறாள். நடக்கும்போது நடப்பாள்.

அழகர்கோவிலில் மாமன் மடியில் மொட்டையும் காதுகுத்தும். மேலே சொன்ன எல்லோரும் வர வேண்டும். சிஸ்டர்களுக்கு விடுப்பு கிடைக்காது, தெரியும். வார்டுக்குள் பாப்பாவைக் கொண்டுவரவும் கூடாது. அதனால் பிறந்தநாளுக்கு மறுநாள் காலைப் பணி மாறும் நேரத்தில் வெளிவாசல் வேப்ப மரத்தடியில் நாங்கள் மூவரும் நிற்போம். வார்டுக்குத் தேவைப்படும் தொப்பி, காலுறை, துணி எல்லாம் துவைத்துக் கட்டிக் கொண்டுவருகிறோம். ஒரு நிமிடம் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா,
மேலூர்.