சருகை எரித்துவிட்டு உரக்கூடம் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றன திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016. அதற்காகப் பல்கலைக்கழகங்களில் உரக்கூடம் கட்டுகிறார்கள். சில மாதத்தில் நாற்றம், ஈ, புகார், கடைசியில் பூட்டு. பழி மெஸ் சோற்றின் மேல் விழுகிறது. உண்மையில் அங்கே குறைவது சருகு.

மெஸ் கழிவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். அதை மட்டும் குவித்தால் காற்றுப் புகாமல் அழுகும். சாம்பார், ரசத்தை வடித்துவிட்டு, 100 கிலோவுக்கு 40 கிலோ அளவில் காய்ந்த சருகு கலந்தால் ஈரம் 60 சதவீதத்துக்குள் இறங்கும். கரிமமும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30க்கு 1 என்று அமையும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசியலாம், ஒழுகக் கூடாது. குவியல் மூன்றடி உயரமாவது இருக்க வேண்டும். உயரம் அதற்குக் குறைந்தால் சூடு தங்காது. மூன்றாம் நாள் இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாதபடி சுட வேண்டும். சூடு தணியும்போது புரட்டிப் போட வேண்டும். மூக்கை எரிக்கும் நெடி வந்தால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றில்லை. இரண்டு மாதம் மக்கி, ஒரு மாதம் ஆறியபின் 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கலாம். மேலே தங்கும் கப்பியை எறியாமல் அடுத்த குவியலில் சேர்த்தால் சருகுச் செலவும் குறையும்.

ஆனால் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். காய்ந்த சருகுக்குத் தட்டுப்பாடு வருவதோ ஐப்பசி, கார்த்திகை மழையில். இடைப்பட்ட மாதங்களில் சருகைச் சேர்த்துவைக்கக் கம்பி வலைக் கூண்டும் மேலே ஒரு தகரக் கூரையும் வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்யாமல் பங்குனியில் மூலைக்கு மூலை கொளுத்துகிறார்கள். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று 2016 டிசம்பரிலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருக்கிறது.

24 மணி நேரத்தில் உரம் தரும் என்று விற்கப்படும் இயந்திரங்களிலும் எச்சரிக்கை தேவை. பலவற்றில் வெளிவருவது பொடித்து உலர்த்திய சோறுதான். அதை நனைத்து ஒரு பையில் இரண்டு நாள் கட்டி வைத்தால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். அதைச் செடிக்குப் போட்டால் வேர் வெந்துபோகும்.

கஞ்சி, அரைத்த காய்கறித் தோல் சாண எரிவாயுக் கலனுக்கு நல்ல தீனி. எலும்பு, எலுமிச்சைத் தோல் கூடாது. அளவு மீறி ஊற்றினால் கலன் புளித்து, வாயு அடுப்பில் எரியாது. சில நாள் தீனியை நிறுத்தினால்தான் தேறும்.

கோளாறின் வேர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. தோட்டம் ஒருவர் கையில், மெஸ் இன்னொருவர் கையில். பெருக்கிய பரப்புக்குக் கூலி கிடைக்கும்போது சருகைச் சுமந்து கொண்டுபோவது வீண் செலவு, தீக்குச்சி மலிவு. அடுத்த ஒப்பந்தத்தில் உரக்கூடத்தில் எடைபோட்டு இறக்கிய சருகுக்குக் கிலோ கணக்கில் பணம் என்று ஒரு வரி சேர்க்கப் பல்கலைக்கழகப் பதிவாளர்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வளாக உரக்கூடப் பணியாளர்கள்,
மதுரை.